கடல்மேல் வேலை தேடும் இளைஞருக்கு

கடல்மேல் வேலைக்குப் போகலாமா என்று கேட்டு இளைஞர்கள் பலர் நமக்குக் கடிதம் எழுதி வருகிறார்கள். கடல்மேல் வேலை என்று அவர்கள் குறிப்பது மாலுமி உத்தியோகத்தை மாத்திரம் அன்று. கரையிலிருந்து பல மைலுக்கு அப்பால், சமுத்திரத்தின் நடுவே இரும்புக் கால்களை ஊன்றி நிறுத்திய மேடைகளில் எண்ணெயும் வாயுவும் எடுக்கும் தொழிலையே பெரும்பாலும் குறிக்கிறார்கள். ஆப்ஷோர் என்ற சொல் நமது கடற்கரை ஜில்லாக்களின் கிராமங்களில் இன்று படியாதவர் நாவிலும் வழங்குகிறது. சம்பளம் நல்லது, சாப்பாடு இலவசம், வருஷத்தில் பாதி நாள் லீவு என்று இவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஏஜெண்ட் ஒருவர் இத்தனை லக்ஷம் கொடுத்தால் வேலை நிச்சயம் என்கிறார்; வீட்டில் தாயார் நகை இருக்கிறது, அல்லது ஒரு துண்டு நிலம் இருக்கிறது; என்ன செய்யலாம் என்பதே இவர்களுடைய கேள்வி.

நமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் கடன்பட்டுப் போகலாகாது. கையில் ஒரு தொழில் இல்லாமல் போகலாகாது. வாசித்துப் பாராத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் போகலாகாது. இவை மூன்றும் தனித்தனிப் புத்திமதிகளாகத் தோன்றும். உண்மையில் இவை ஒன்றே என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் பொல்லாதது, அங்கே போகவே வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்களுடைய கவலையை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. ஆனால் ஆபத்து இருக்கிறதென்று ஒரு தொழிலையே விலக்கிவிடுவது தேசத்துக்கு நன்மையாகாது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடும் உரிமை வெள்ளைக்காரருக்கே உரியதென்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில், 1906-ம் வருஷம், வக்கீலான ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. அதற்கு அவர் கொடுத்த விலை நாட்டுக்குத் தெரியும். 1908-ல் சிறை புகுந்தார். 1912-ன் கடைசியில் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கடலில் நமக்கும் பங்கு உண்டென்று காட்டிய அம்மகான் பிறந்த நாட்டில், கடலைக் கண்டு ஒதுங்கும்படி இளைஞருக்கு நாம் எப்படி உபதேசம் செய்ய முடியும்?

மேலும், இத்தொழில் நமக்குப் புதியதும் அன்று. 1974-ல் சாகர் சம்ராட் என்ற துளையிடும் ரிக், பம்பாய்க்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் கடலடியில் எண்ணெய் இருப்பதைக் கண்டது. இரண்டே வருஷத்தில், 1976-ல், பம்பாய் ஹையில் உற்பத்தி தொடங்கிற்று. கீழ்க்கரையில் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் 2009-ல் வாயு உற்பத்தி ஆரம்பமாயிற்று. அதே படுகையின் இன்னொரு பகுதியில் 2024 ஜனவரியில் ஓ. என். ஜி. ஸி. எண்ணெய் எடுக்கத் தொடங்கிற்று. இவை தவிர அபுதாபி, ஸவூதி அரேபியா, கத்தார் முதலிய தேசங்களின் கடல் மேடைகளில் நம்மவர் பல வருஷங்களாக வேலை செய்து வருகிறார்கள். மன்னார் வளைகுடாவில் காற்றாலைகள் நிறுவும் யோசனையும் இருக்கிறது. குஜராத், தமிழ்நாடு இரண்டின் கடற்பரப்பிலும் ஆளுக்கு 500 மெகாவாட் அமைப்பதற்கென்று 2024 ஜூன் மாதத்தில் மத்திய மந்திரி சபை 7,453 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. ஆனால் காகிதத்திலிருக்கும் திட்டத்தை நம்பி எவரும் இன்றே பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

இனி வேலை எத்தகையது என்று பார்ப்போம். மேடையில் ஒரு ஷிப்டு என்பது 12 மணி நேரம். பகலில் பாதிப்பேர், இரவில் பாதிப்பேர். நமது நாட்டு மேடைகளில் 14 நாள் வேலை, 14 நாள் லீவு என்ற முறை பெருவழக்கு. வெளிநாடுகளில் நான்கு வாரமோ அதற்கு மேலோ தொடர்ந்து இருக்க வேண்டும். போவதும் வருவதும் பெரும்பாலும் ஹெலிகாப்டரில். இயந்திரத்தின் இரைச்சல் ஒரு கணமும் ஓயாது. மதுபானம் அறவே கூடாது. முதலில் கிடைப்பது ரௌஸ்டபௌட் என்ற கடைநிலை வேலை: சாமான் ஏற்றுவது, இறக்குவது, தளத்தைக் கழுவுவது, துரு சுரண்டி வர்ணம் பூசுவது. அங்கிருந்து படிப்படியாகத்தான் துளையிடும் தளத்துக்கும், கோபுரத்தின் உச்சிக்கும், டிரில்லர் பதவிக்கும் ஏற முடியும். வெல்டர், ரிக்கர், சாரம் கட்டுபவர், கிரேன் ஓட்டுபவர், எலக்ட்ரீஷியன், கருவி மெக்கானிக், சமையற்காரர், வைத்திய உதவியாளர் என்று பலதரப்பட்ட ஆட்களும் வேண்டும். மாலுமிப் பள்ளியில் படித்தவர் மாத்திரம் போகும் இடம் என்று எண்ணுவது பிழை.

சம்பளத்தைப் பற்றியும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்க வேண்டும். ஒப்பந்த ஆட்களில் பலருக்கு மேடையில் இருந்த நாட்களுக்கு மாத்திரமே கூலி. லீவில் வீட்டிலிருக்கும் நாட்களுக்கு ஒன்றுமில்லை. ஒருநாள் கூலியை முப்பதாலும் பன்னிரண்டாலும் பெருக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர் கணக்குத் தெரியாதவர். எண்ணெய் விலை இறங்கினால் வேலையும் போகும். 2014 ஜூனில் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்தது. உலகமெங்கும் ரிக்குகள் சும்மா நின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கூலி வரும் மாதத்தில் வராத மாதத்துக்கும் சேர்த்து எடுத்து வைக்கத் தெரிந்தவனுக்கே இத்தொழில் உதவும்.

ஆபத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். 1988-ம் வருஷம் ஜூலை 6-ந் தேதி இரவு, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற மேடை எரிந்தது. 167 பேர் மாண்டார்கள். அதன் காரணம் மிகச் சிறியது. பம்பு ஒன்றின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றியிருந்தார்கள். வேலை அன்று முடியவில்லை; திறந்த வாயைத் தற்காலிகமாக ஒரு தகட்டால் மூடிவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. மற்றொரு பம்பு நின்றுபோகவே, இரவு ஆட்கள் ஒன்றுமறியாமல் இந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு பீறிட்டுத் தீப்பற்றிற்று. அண்டை மேடைகள் இரண்டு, நெருப்பு கண்ணுக்குத் தெரிந்தபின்னும், உடனே நிறுத்தாமல் சிறிது நேரம் அதே குழாய்த் தொடருக்கு எண்ணெயையும் வாயுவையும் தள்ளிக்கொண்டிருந்தன. உத்தரவை எதிர்பார்த்துத் தங்குமிடத்தில் கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் புகையில் மடிந்தார்கள். கடலில் குதித்தவர்களில் பலர் பிழைத்தார்கள். இதை விசாரித்த கல்லன் பிரபு 1990-ல் 106 சிபார்சுகளைச் செய்தார். உலகமெங்கும் கடல்மேடைப் பாதுகாப்பு முறை மாறியதற்கு அவ்வறிக்கை முக்கிய காரணம்.

நமது நாட்டிலும் உதாரணங்கள் இல்லாமலில்லை. 2005-ம் வருஷம் ஜூலை 27-ந் தேதி, கையில் வெட்டுக்காயம் பட்ட சமையற்காரர் ஒருவரைச் சிகிச்சைக்காக மேடைக்கு மாற்ற வந்த கப்பல், பம்பாய் ஹை வடக்கு மேடையின் வாயுக் குழாயில் மோதிற்று. இரண்டு மணி நேரத்தில் மேடை முழுவதும் அழிந்தது; 22 பேர் உயிரிழந்தார்கள். 2021-ம் வருஷம் மே 17-ந் தேதி டௌக்தே புயலில், தொழிலாளர் தங்கியிருந்த பி-305 என்ற பார்ஜ் நங்கூரம் அறுந்து பம்பாய்க் கடலில் மூழ்கிற்று. அதிலிருந்தவர் 261 பேர்; இறந்தவர் எழுபதுக்கும் மேற்பட்டவர். புயல் வருகிறதென்ற எச்சரிக்கை பல நாள் முன்பே வெளியாகியிருந்தது. அப்படியிருந்தும் பார்ஜ் ஏன் கரைக்குத் திரும்பவில்லை என்பதற்குப் பிறகு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டார்கள். மாண்டவர்களோ, தங்குவதா திரும்புவதா என்ற தீர்மானத்தில் எந்தப் பங்கும் இல்லாத சாதாரணத் தொழிலாளர்கள்.

இந்த விபத்துக்களையெல்லாம் நாம் எடுத்துச் சொல்வது இளைஞரைப் பயமுறுத்துவதற்காக அல்ல. இவற்றில் பெரும்பாலும் பொதுவாகக் காணும் ஓர் அம்சத்தைக் காட்டுவதற்காகவே. நிறுத்த வேண்டிய வேளையில் ‘நிறுத்து’ என்று சொல்வாரில்லை. அல்லது சொன்னால் கேட்பாரில்லை. இன்று பெரிய கம்பெனிகளின் விதிகளில், ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் கடைநிலைத் தொழிலாளிக்கும் உண்டென்று எழுதியிருக்கிறது. எழுதியிருப்பது நல்லதுதான். ஆனால் அந்த அதிகாரத்தைப் பிரயோகிக்கக்கூடியவன் யார்?

ஓர் இளைஞன் நூற்றுக்கு இரண்டு வட்டியில் 5 லக்ஷம் ரூபாய் கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்து வேலை பெற்றானென்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 10,000 ரூபாய், வருஷத்துக்கு 1,20,000 ரூபாய், வட்டிக்கே போகிறது. முதல் அப்படியே நிற்கிறது. அவனை ஒரு நாள் மேஸ்திரி, பெல்ட் இல்லாமல் உயரத்தில் ஏறு என்கிறான். அல்லது வாயு சோதனை செய்யாத தொட்டிக்குள் இறங்கு என்கிறான். விதியைக் காட்டி மறுக்க அவனுக்கு வாய் வருமா? மறுத்தால் அடுத்த ஹெலிகாப்டரில் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ, நிலம் ஏலத்துக்குப் போய்விடுமோ என்ற நினைப்பு அவன் நாவைக் கட்டிவிடும். வேலையை விலை கொடுத்து வாங்கியவன், முடியாது என்று சொல்லும் உரிமையை அந்தப் பணத்தோடு சேர்த்தே கொடுத்துவிட்டான். கடலில் மனிதனைக் காப்பாற்றும் சாதனங்களில் முதன்மையானது அந்த உரிமை. மிதவைச் சட்டைகூட அதற்கு அடுத்ததே. ஆகையால் கடன் என்பது குடும்பக் கணக்கைச் சேர்ந்த விஷயம் மாத்திரம் அன்று. அது உயிரைச் சேர்ந்த விஷயம்.

சட்டம் இவ்விஷயத்தில் இளைஞன் பக்கம் இருக்கிறது. கப்பலில் வேலை செய்யும் மாலுமியிடம் வேலை வாங்கிக் கொடுப்பதற்காக ஒரு காசும் வாங்கக்கூடாதென்பது 2006-ம் வருஷத்துச் சர்வதேச மாலுமித் தொழிலாளர் ஒப்பந்தத்தின் விதி. இந்தியா இதை 2015-ல் ஏற்றுக்கொண்டது. பாஸ்போர்ட், மாலுமிப் புத்தகம், வைத்தியச் சான்று ஆகியவற்றின் செலவு மாத்திரமே மாலுமியைச் சேரும். இவ்வகை ஏஜெண்டு, கப்பல் துறை டைரக்டர் ஜெனரலிடம் லைசென்ஸ் பெற்றிருக்க வேண்டும். நிலையான மேடைகளில் வேலைக்கென்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1983-ம் வருஷத்து எமிக்ரேஷன் சட்டத்தின்படி வெளிநாட்டு விவகார இலாகாவில் பதிவு செய்துகொண்டவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியுமே. அதற்கு ரசீது கொடுக்கக் கடமைப்பட்டவர். இவ்விரு ஜாபிதாக்களும் எவரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டிருக்கின்றன. ரசீதில்லாமல் லக்ஷக்கணக்கில் கேட்பவன், விஸிட் விஸாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவன், இன்று மாலைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்பவன், இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். சென்னையில் எமிக்ரேஷன் பாதுகாப்பு அதிகாரியின் காரியாலயம் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன் அங்கே போய் விசாரிப்பது, கொடுத்த பிறகு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதைவிட நல்லது.

இரண்டாவதாக, தொழில். கையில் தொழில் உள்ளவனை முதலாளி தேடுகிறான். தொழில் இல்லாதவன் ஏஜெண்டைத் தேடுகிறான். ஐ. டி. ஐ.யில் வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் ஆகிய ஏதேனும் ஒன்றை ஒழுங்காகக் கற்று, கரையிலேயே இரண்டு மூன்று வருஷம் வேலை செய்தவன் கடலுக்குத் தகுதியானவன். சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கடல் மேடைகளின் பகுதிகளையே கட்டுகிறார்கள். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பல் கட்டும் தளங்கள் இருக்கின்றன. 1961-ம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி இத்தகைய இடங்களில் உபகாரச் சம்பளத்துடன் பழகலாம். கப்பல் அதிகாரியாக விரும்புகிறவர்களுக்கு, 2008-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்தாபிக்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இருக்கிறது.

பாதுகாப்புப் பயிற்சியைக் குறித்தும் ஓர் எச்சரிக்கை. தண்ணீரில் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து வெளியேறுவது, தீயணைப்பது, உயிர்காப்புப் படகைச் செலுத்துவது, முதலுதவி ஆகியவற்றைக் கற்பிக்கும் போஸியட் என்ற பயிற்சி அவசியமானதே. அதன் சான்று நான்கு வருஷம் செல்லும். ஆனால் சான்று வேறு, வேலை வேறு. நல்ல கம்பெனிகள் பல, ஆளை எடுத்துக்கொண்ட பிறகு தம் செலவிலேயே பயிற்சிக்கு அனுப்புகின்றன. வேலை எதுவும் கண்ணுக்குத் தெரியாத நிலையில், சான்றைக் காட்டினால் கதவு திறக்கும் என்று நம்பிப் பெருந்தொகை கட்டுகிறவனுடைய சான்று பெட்டிக்குள்ளேயே காலாவதியாகும்.

மூன்றாவதாக, ஒப்பந்தம். நமது முன்னோர்கள் 1860 முதல் நெட்டாலுக்கும், பிறகு பிஜிக்கும், தம்மால் வாசிக்க முடியாத பத்திரத்தில் ரேகை வைத்துவிட்டுக் கப்பலேறினார்கள். ஐந்து வருஷம் மனிதனை மாடாக்கிய அம்முறைக்கு எதிராகத் தேசம் முழுவதும் கிளர்ச்சி செய்து 1917-ல் அதை நிறுத்த நேர்ந்தது. அந்த வரலாற்றை அறிந்த நாட்டில், பட்டப் படிப்பு முடித்த இளைஞன் ஒருவன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை மாத்திரம் திருப்பிக் கையெழுத்திடுவது வெட்கக்கேடு. முதலாளி யார், கூலி மாதத்துக்கா நாளுக்கா, லீவில் சம்பளம் உண்டா, திரும்பி வரும் செலவு யாருடையது, காயம் பட்டால் வைத்தியம் யார் பொறுப்பு, மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்ற ஆறு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இல்லாத ஒப்பந்தம் ஒப்பந்தமே அல்ல. அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் எவரிடமும் அடகாக இருத்தலாகாது; வளைகுடா நாடுகள் பலவற்றின் சட்டப்படியே முதலாளி அதைப் பிடித்து வைத்துக்கொள்வது குற்றம். பத்தாம் வகுப்புத் தேறாமல் ஈ. ஸி. ஆர். பாஸ்போர்ட்டில் செல்பவருக்குப் பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்ஷூரன்ஸ் கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய்க் கட்டணத்தில் 10 லக்ஷம் ரூபாய்க்குப் பாதுகாப்புக் கிடைக்கிறது. ஏஜெண்டு சொல்லாவிட்டாலும் தானே கேட்டுப் பெற வேண்டும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. லைசென்ஸ் பெற்றவர்களின் ஜாபிதாவை வெளியிட்டுவிட்டு, மோசம் போனவன் புகார் செய்யட்டும் என்று காத்திருப்பது போதாது. கடற்கரை ஜில்லா ஒவ்வொன்றிலும் ஒரு விசாரணைக் காரியாலயம் வேண்டும், ஐ. டி. ஐ.களில் கடல்மேடைக்கு வேண்டிய சாரம், ரிக்கிங், உயர்ந்த தர வெல்டிங் ஆகியவற்றைக் குறைந்த கட்டணத்தில் கற்பிக்க வேண்டும். ஒப்பந்த ஆட்களுக்கும் நிரந்தர ஆட்களுக்கும் பாதுகாப்பில் வித்தியாசம் இருத்தலாகாது. புயல் எச்சரிக்கை வந்தபின் ஆட்களைக் கடலில் நிறுத்தி வைக்கும் பொறுப்பு யாருடையது என்பது விபத்துக்குப் பிறகு ஆராயும் விஷயமாக இல்லாமல், முன்னதாகவே பெயர் குறித்து எழுதி வைத்த விஷயமாக இருக்க வேண்டும்.

சர்க்கார் விழித்தெழும் வரையில் காத்திராமல் நமது தேசத்தொண்டர்கள் செய்யக்கூடியதும் உண்டு. மேடையில் பேசுவதோடு நில்லாமல், தத்தம் ஊரில் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் இளைஞனின் ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்வதும், ஏஜெண்டின் பதிவு எண்ணைச் சரிபார்த்துக் கொடுப்பதும் ஒரு மணி நேர வேலை. அதனால் ஒரு குடும்பத்தின் நிலம் தப்பும். ஒருவேளை ஓர் உயிரும் தப்பும். வாசகசாலைதோறும் ஜாபிதாக்களை ஒட்டி வைப்பதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

இளைஞனே, கடல் உனக்கும் உரியது. கைத்தொழிலோடு போ, கடனில்லாமல் போ, உன் பத்திரங்கள் உன் கையில் இருக்கப் போ. எந்த நேரமும் வீடு திரும்பக்கூடியவனாக நீ அங்கே நின்றால்தான், ஆபத்தான வேலையை நிறுத்தச் சொல்ல உனக்கு வாய் வரும்; அந்த ஒரு சொல் உன்னையும் உன் பக்கத்தில் நிற்பவனையும் காப்பாற்றும்.